ஒலிக்கு விலை மதித்த சேலத்து முதலாளி

வீட்டில் இசை கேட்பதற்கென விற்கப்படும் கருவிகளுள் ஒலி மாற்றி என்று ஒன்று உண்டு. கைப்பேசியிலோ கணினியிலோ எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும் பாடலை மின்னலைகளாக மாற்றி, ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதன் பணி. டிஜிட்டல் அனலாக் கன்வெர்ட்டர் என்றும், சுருக்கமாக டேக் என்றும் கடைக்காரர்கள் கூறுவர். சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. சில லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள் மாதத் தவணையில் அதை வாங்கத் துணிகின்றனர். திருமண மண்டப உரிமையாளர்களும், கோயில் விழாக் குழுவினரும், ஒலி அமைப்புத் தொழில் செய்வோரும் இதையொத்த கருவிகளுக்கு விலை பேசுகின்றனர். கொடுக்கும் விலைக்கு அது தகுமா என்பதே அனைவருக்குமான கேள்வி.

விற்பவரிடம் இதற்கு விடை தேடுவதில் பயனில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி சேலத்து மண்ணில் ஒரு மனிதர் முன் நின்றது. அவர் குடும்பச் செல்வத்தைப் பணயம் வைத்து அதற்கு விடை கண்டார். அவர்தாம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம். திரைப்பட வரலாற்று நூல்கள் அவரைப் படாதிபதியாகவும் இயக்குநராகவும் பதிவு செய்துள்ளன. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், எந்தக் கருவிக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கணக்கை அறிந்தவராகவே நான் அவரைக் காண்கிறேன்.

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907-ஆம் ஆண்டு பிறந்தார். நெசவோடும் நூல் வணிகத்தோடும் தொடர்புடைய செல்வக் குடும்பம். அந்நாளில் வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைச் சட்டம் படிக்கவோ, ஆட்சிப் பணித் தேர்வு எழுதவோ இங்கிலாந்துக்கு அனுப்புவதே வழக்கம். சுந்தரமோ லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்றார். லீட்ஸ், இங்கிலாந்தின் கம்பளி நெசவுக்குப் பெயர்போன யார்க்‌ஷயர் பகுதியின் தலையாய நகரம். இயந்திரத்தால் செல்வம் பெருகிய ஊர் அது. அங்கு படித்தவர் எந்த இயந்திரத்தையும் அதன் அழகைக் கொண்டு மதிப்பிட மாட்டார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை கெஜம் துணி தருகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுவார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்து ஊர் திரும்பிய சுந்தரம், நெசவாலை தொடங்குவார் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். அவர் மனம் பேசும் படத்தின் பக்கம் திரும்பியது.

அக்காலத் தமிழ்ப் படவுலகின் நிலையை இங்குச் சொல்ல வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அது உருவானது பம்பாயில். ஒலிப்பதிவு வசதியுள்ள அரங்கு சென்னையில் அப்போது ஒன்றுகூட இல்லை. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் என ஒரு கூட்டமே ரயிலேறி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ சென்று, அரங்குக்கு வாடகை கொடுத்துப் படம் எடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. 1934-இல்தான் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட அரங்கை நிறுவினார். அங்கு ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய துணைவியார் மீனா. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என அவர் இன்று போற்றப்படுகிறார்.

சுந்தரம் முதலில் சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தார். ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ ஆகிய படங்களில் அவருக்குப் பங்கு இருந்தது. இந்த அனுபவம் அவருக்கு ஒரு கணக்கைக் கற்றுத் தந்தது. வெளியூர் அரங்கை நாடும் தயாரிப்பாளர் ஒவ்வொரு படத்துக்கும் ரயில் கட்டணம், தங்கும் செலவு, அரங்க வாடகை என மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பத்தாவது படத்திலும் அந்தச் செலவு குறைவதில்லை. சொந்த அரங்கு கட்டுபவருக்கு முதலில் பெருந்தொகை கைவிட்டுப் போகிறது. ஆனால் அடுத்தடுத்த படங்களின்மீது அத்தொகை பரவப் பரவ, ஒரு படத்தின்மீது விழும் சுமை குறைகிறது. ஆண்டுக்கு ஒரு படம் எடுப்பவர் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. ஆண்டுக்கு மூன்று, நான்கு எடுப்பவர் சொந்தமாக வாங்குவதே அறிவுடைமை.

1935-இல் சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இடம், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலை, சேர்வராயன் மலையடிவாரம். மலை, ஓடை, தோப்பு, வெட்டவெளி என வெளிப்புறக் காட்சிகளுக்கு வேண்டியவை அருகிலேயே இருந்தன. மாவட்டத்திலும் அது மாற்றத்தின் காலம். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கு நீர்மின் உற்பத்தி தொடங்கியது. அதே 1937-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான ‘சதி அகல்யா’ வெளிவந்தது. இலங்கையைச் சேர்ந்த தவமணி தேவி அதில் நடித்தார்.

ஒலிப்பதிவு என்பது அன்று எத்தகைய காரியம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நடிகரின் குரல் மைக்கில் மின்னோட்டமாகிறது. வால்வுகள் அதைப் பெருக்குகின்றன. பெருக்கப்பட்ட மின்னோட்டம் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றை அசைக்கிறது. அந்த ஒளி, ஓடும் படச்சுருளின்மீது விழுந்து தடம் பதிக்கிறது. அச்சுருளை வேதிக் கரைசலில் கழுவி, காட்சிச் சுருளோடு இணைத்துப் படி எடுக்க வேண்டும். கொட்டகையில் ஒரு விளக்கின் ஒளி அந்தத் தடத்தை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழுந்து, மீண்டும் மின்னோட்டமாகி, ஒலிபெருக்கியில் குரலாக வெளிப்படும். ஒலியை ஒளியாக்கி, ஒளியை மீண்டும் ஒலியாக்கும் இந்த ஏற்பாடுதான் அக்காலத்தின் ஒலி மாற்றி. கருவிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒரு வால்வு பழுதானாலும் வேலை நின்றுவிடும்.

35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இந்த வேகம் சற்றே தவறினாலும் பாட்டு இழுபடும், சுருதி பிசகும். பின்னணிப் பாடல் முறை பரவுவதற்கு முன், நடிகர்கள் காமிராவுக்கு முன்னால் நடித்துக்கொண்டே பாடவேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாத இடத்தில் அமர்ந்து வாசிக்க, மைக் தலைக்கு மேல் தொங்கும். யாரேனும் இருமினாலும், கூரைமீது காகம் கரைந்தாலும் முழுக் காட்சியையும் மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை ஓடிய சுருள் குப்பைக்குப் போகும். பதிவில் நேரும் குறையைப் பின்னால் எந்தக் கருவியும் சரி செய்ய இயலாது. ஐம்பது ஊர்களுக்கு ஐம்பது படிகள் சென்றால், அக்குறை ஐம்பது ஊர்களிலும் கேட்கும்.

ஒலி பிறக்குமிடத்தில் இருக்கும் கருவிக்கும், ஒலி சென்றடையும் இடத்தில் இருக்கும் கருவிக்கும் பொருளியல் அடிப்படையில் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது ஊற்று, பின்னது குழாய். ஊற்றைத் தூர்வாரினால் ஊரே நல்ல தண்ணீர் குடிக்கும். ஒரு வீட்டுக் குழாய்க்கு வெள்ளிப் பூண் போட்டால், அந்த வீட்டுக்கு மட்டுமே பெருமை. சுந்தரம் பணத்தைக் கொட்டியது ஊற்றில். அவர் அரங்கில் ஒரு முறை தெளிவாகப் பதிந்த வசனம், சென்னை திரையரங்கின் உயர்வகுப்பில் அமர்ந்தவருக்கும், இராசிபுரம் பக்கத்து டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அமர்ந்தவருக்கும் போய்ச் சேர்ந்தது. கருவியின் விலையைக் கேட்டவர் தொகையால் வகுத்தால், ஒரு செவிக்கு விழுந்த செலவு காசளவுகூட வராது.

டென்ட் கொட்டகையின் நிலையையும் மறந்துவிடலாகாது. பின்னால் ஆயில் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். முறுக்கு விற்பவர் கூவுவார், குழந்தை அழும். அக்காலத் திரையரங்கக் கருவிகள் நொடிக்கு 8,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. இவ்வளவு தடைகளையும் தாண்டிச் சொல் புரியவேண்டுமானால், மூலப் பதிவு துலக்கமாக இருந்தே தீரவேண்டும். ஆகவே அங்கு நல்ல பதிவுக் கருவி ஆடம்பரமாகாது. அது இல்லையேல் விற்பதற்குச் சரக்கே இல்லை.

பெருஞ்செலவில் அமைத்த அரங்கை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதில்தான் சுந்தரத்தின் திறமை வெளிப்படுகிறது. 1938-இல் அவர் ‘பாலன்’ படத்தைத் தயாரித்தார். எஸ். நொட்டானி இயக்கிய அதுவே மலையாளத்தின் முதல் பேசும்படம். ஜெர்மானியரான பாடோ குஷ்வாக்கர் அதன் ஒளிப்பதிவாளர். கேரளத்தில் எடுக்கப்பட வேண்டிய படம் சேலத்தில் ஏன் உருவாயிற்று? அரங்கு இங்கே தயாராக இருந்தது. மைக், விளக்கு, ஆய்வகம், பணியாளர் எல்லாம் இருந்தனர். இன்னொரு மொழியில் ஒரு படம் எடுக்க ஆகும் கூடுதல் செலவு, புதிதாக ஓர் அரங்கு எழுப்பும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மைக்குக்கு மொழி பேதம் இல்லை. ஒரே முதலீட்டிலிருந்து பல வகைச் சரக்குகளைப் பெறும் இந்த உத்தியைப் பொருளியல் பாடநூல்கள் பின்னாளில் விரிவாக எழுதின. சுந்தரம் அதை நடைமுறையில் செய்து காட்டினார்.

நாமக்கல் லாரி உரிமையாளருக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கும் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி ஓடினால்தான் வருமானம். நின்றால் வட்டி மட்டுமே ஓடும். பல லட்சம் கொடுத்து வாங்கிய ஆழ்துளை இயந்திரம் மாதத்தில் எத்தனை அடி துளைத்தது என்பதே அதன் மதிப்பு. நெசவாளர் வீட்டிலும் தறி ஓசை நின்றால் அடுப்பு அணையும். சுந்தரம் பிறந்த மண்ணின் அறிவு இது. லீட்ஸ் அதற்கு ஏட்டு வடிவம் தந்தது என்று வேண்டுமானால் கூறலாம்.

மாடர்ன் தியேட்டர்ஸின் புகழ்பெற்ற கண்டிப்பையும் இந்தக் கணக்கின் வழியே புரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பர் எனப் பலரும் அங்கு மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். நேரம் தவறாமை, ஒழுங்கு, குறித்த நாளில் ஊதியம் ஆகியவை அந்த நிறுவனத்தின் அடையாளங்கள். முதலாளி என்று அனைவராலும் அழைக்கப்பட்ட சுந்தரத்தைக் கண்டால் நட்சத்திரங்களும் அஞ்சினர் என்பர். கலை ஒரு தொழிற்சாலை ஆகலாமா என்ற மனக்குறை அந்நாளிலேயே இருந்தது. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆலையின் ஒழுங்குக்குள் அடங்காத திறமைகள் அந்த வளாகத்தில் மூச்சுமுட்டியிருக்கும். எனினும், ஒரு நடிகர் இரண்டு மணி நேரம் தாமதித்தால், இறக்குமதிக் கருவிகளும் நூறு பேரின் உழைப்பும் அந்த இரண்டு மணி நேரம் வீணாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். வாங்கிய கருவியை முழுமையாகப் பயன்படுத்தும் ஒழுக்கம் இல்லாதவருக்கு, விலையுயர்ந்த கருவி வாங்கும் தகுதியும் இல்லை.

1940-இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அது. 1942-இல் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தைத் தழுவி ‘மனோன்மணி’ பெரும் பொருட்செலவில் உருவானது. அதே வேளையில் உலகப்போர் திரையுலகின் கழுத்தை நெரித்தது. கச்சாப் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகலாகாது என்று அரசு வரையறுத்தது. கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய படங்களுக்குப் பழகியவர்கள் தடுமாறினர். சுந்தரத்தின் அரங்கோ போர்க்காலத்திலும் ஓடியது. 1945-இல் வெளியான ‘பர்மா ராணி’ போர்ச் சூழலை மையமாகக் கொண்ட படம். அதை இயக்கிய அவரே ஜப்பானியத் தளபதியாக நடிக்கவும் செய்தார்.

சுந்தரம் எதில் செலவைச் சுருக்கினார் என்பதும் கவனத்துக்குரியது. கதைக்காக அவர் புதுமையைத் தேடி அலையவில்லை. மேலைநாட்டுப் படங்கள், வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘திகம்பர சாமியார்’ போன்ற துப்பறியும் நாவல்கள், பழைய காப்பியங்கள், நாடகங்கள் என மக்கள் முன்பே விரும்பிய கதைகளை எடுத்துக்கொண்டார். ஆனால் திரையில் தெரிவதிலும் செவியில் விழுவதிலும் கஞ்சத்தனம் காட்டவில்லை. பார்வையாளரால் உணர முடிந்த தரத்துக்குச் செலவு. உணர முடியாத பெருமைக்குச் செலவில்லை. அவருடைய வாழ்நாள் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விதி தெளிவாகப் புலப்படும்.

இதன் உச்சம் 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதையை அடியொற்றி மு. கருணாநிதி எழுதிய நாடகம் அதற்கு மூலம். எம்.ஜி.ஆர். கதாநாயகர். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். ஜி. இராமநாதன் இசையமைக்க, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாடல் இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. தமிழ்ப் படம் வசனத்துக்காகவே பார்க்கப்பட்ட காலம் அது. அடுக்குமொழி உரையாடலை மனப்பாடம் செய்து, மறுநாள் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஒப்பிப்பதற்காகவே மக்கள் ஒரே படத்தை மீண்டும் பார்த்தனர். அந்தச் சொற்கள் கருத்துகளையும் சுமந்து சென்றன. அவற்றோடு ஓர் அரசியல் இயக்கமும் ஊர் ஊராகச் சென்றது. எழுத்தறிவு இல்லாத இலட்சக்கணக்கானோர் கேட்டே கற்ற நாட்டில், வசனத்தின் ஒவ்வோர் எழுத்தும் துல்லியமாகக் காதில் விழுவது சிறிய காரியமா? ஒலிக்கருவிக்கு அவர் இட்ட முதல், வணிகக் கணக்கில் மட்டும் முடிந்துவிடவில்லை.

இந்த வளாகத்தில் கருணாநிதியும் கண்ணதாசனும் எழுதினர். கே.வி. மகாதேவன் தம் இசைப் பயணத்தின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றினார். 1952-இல் ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம் அமெரிக்கர்களோடு கூட்டாகத் தயாரிக்கப்பட்டது. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவாகலரில் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. வண்ணச் சுருள் விலை அதிகம். அதனால் கதையைப் புதிதாகத் தேடவில்லை. மக்கள் நன்கறிந்த அரபுக் கதையையும், மக்கள் விரும்பிய எம்.ஜி.ஆர்., பானுமதி இணையையும் தேர்ந்துகொண்டார். புதிய தொழில்நுட்பத்தின் இடரை, பழகிய கதையின் உறுதியால் ஈடுகட்டிய முடிவு அது. ஒரே நேரத்தில் இரண்டு இடர்களை அவர் ஏற்றதில்லை. 1961-இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்ற மலையாளப் படத்தை வண்ணத்தில் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும்படமும், முதல் முழுநீள வண்ணப் படமும் சேலத்து ஏற்காடு சாலையில் இருந்த ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை என்பது இன்றைய தலைமுறையில் பலர் அறியாத செய்தி.

1963-இல் சுந்தரம் மறைந்தார். அவருக்கு அப்போது 56 வயது. நிறுவனத்தின் படங்கள் நூறைக் கடந்தவை என்பது திரை வரலாற்றாளர்களின் கணக்கு. அவருடைய மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் உள்ளிட்ட பலவற்றை எடுத்தார். ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. நடிகர், இசையமைப்பாளர், தொழில்நுட்பர் அனைவரும் சென்னையில் குவிந்தனர். மாதச் சம்பள முறை மறைந்து, படத்துக்குப் படம் ஊதியம் பேசும் முறை வந்தது. காமிரா அரங்கை விட்டு வெளியே நடந்தது. ஒரு காலத்தில் செலவைக் குறைத்த அதே அரங்கு, படங்களின் எண்ணிக்கை குறைந்ததும் சுமையாக மாறியது. அரங்கு மூடப்பட்டது. சாலையோரத்து முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்த வளைவைச் சிலர் வீழ்ச்சியின் சின்னமாகக் காண்பர். பொருளியல் மாணவனுக்கு அது வேறொன்றையும் கூறுகிறது. கருவிக்கு நிலையான மதிப்பு என்று ஒன்றில்லை. அது செய்யும் வேலைக்கே மதிப்பு. வேலை முடிந்த அன்று கருவி பழைய இரும்பு. ஒளியால் ஒலியைப் பதித்த அந்த அரிய இயந்திரங்களைக் காந்த நாடா வெளியேற்றியது. காந்த நாடாவை எண்ணியல் முறை வெளியேற்றியது. அவற்றின் வழியே பதிவான பாடல்களும் உரையாடல்களும் மட்டும் இன்றும் வாழ்கின்றன.

இனி, இன்றைய ஒலி மாற்றிக்கு வருவோம். ஒரு குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. நல்ல செவியுள்ள இளைஞருக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை குறையும். செவி கேட்கும் எல்லை முழுவதையும் அடக்கிக்கொள்ளவே இந்த அளவீடு வகுக்கப்பட்டது. இந்த எண்களைப் பிழையின்றி மின்னலையாக மாற்றும் சில்லுகள் இன்று மிகக் குறைந்த விலையில் உற்பத்தியாகின்றன. சுந்தரத்தின் காலத்தில் ஒலி மாற்றமே சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணி. இன்றோ அது மிகப் பலமான கண்ணிகளுள் ஒன்று. ஒலிபெருக்கி, அதை வைத்திருக்கும் இடம், எதிரொலிக்கும் வெற்றுச் சுவர், தெருவின் இரைச்சல் ஆகியவையே இப்போது பலவீனமான கண்ணிகள். பலமான கண்ணிக்குப் பொன்முலாம் பூசினால் சங்கிலியின் வலிமை கூடாது.

இசையின்பத்தை ரூபாயில் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தம் உழைப்பில் வந்த பணத்தைத் தமக்கு மகிழ்ச்சி தரும் பொருளில் செலவிட எவருக்கும் உரிமை உண்டு. கருவியின் வேலைப்பாடும், அதைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறைவும் சிலருக்கு உண்மையான இன்பமே. ஆனால் அந்த இன்பத்தின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிறர் காணச் செலவிடும் மனப்போக்கைத் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-இலேயே விரிவாக ஆராய்ந்தார். செவிக்கென்று வாங்குவதாக எண்ணிக்கொண்டு, கண்ணுக்கும் கௌரவத்துக்கும் வாங்குவதுதான் இழப்பு. கடன் வாங்கிச் செய்தால் அது இரட்டை இழப்பு.

செவியைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. விலை குறைந்த கருவியையும் விலை மிகுந்த கருவியையும் ஒரே ஒலிபெருக்கியோடு இணைத்து, இரண்டின் ஒலியளவையும் சமமாக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும் என்பதால் இது முக்கியம். எது ஓடுகிறது என்று தெரியாதபடி மற்றொருவர் மாற்றி மாற்றி இயக்கட்டும். பத்து முறைக்கு ஐந்து முறை சரியாகச் சொன்னால், அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒன்பது, பத்து முறை சொல்ல முடிந்தால் வேறுபாடு உண்மை. அப்போது விலையைப் பேசலாம். கடைக்காரர் இந்தச் சோதனைக்கு உடன்படாவிட்டால், அதுவும் ஒரு விடைதான்.

ஒலி அமைப்புத் தொழில் செய்பவரின் நிலை வேறு. அவருடைய கருவியை ஒரே மாலையில் ஆயிரம் பேர் கேட்கின்றனர். ஆண்டுக்கு நூறு நிகழ்ச்சிகளில் அது உழைக்கிறது. பாடல் பதிவுக்கூடம் நடத்துபவருக்கு அது ஊற்றே. அவர்கள் சுந்தரத்தைப் போல் துணிந்து செலவிடலாம். துணிந்து உழைப்பும் வாங்க வேண்டும். வீட்டில் இரவு ஒரு மணி நேரம் தனியாகக் கேட்பவர், அதே தொகையில் நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம். சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிடலாம். மீதத் தொகையில் மார்கழிக் கச்சேரிக்கு நேரில் செல்லலாம். தம் பிள்ளைக்கு ஒரு வீணையோ மிருதங்கமோ வாங்கித் தரலாம். அந்த வீட்டில் புதிதாக ஓர் ஊற்று பிறக்கும்.

வாங்குமுன் சுந்தரத்தின் வாழ்க்கை நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. இக்கருவி எத்தனை செவிகளுக்குப் பயன்படும்? எத்தனை மணி நேரம் உழைக்கும்? இது தரும் வேறுபாட்டைக் கேட்பவரால் உணர முடியுமா? இம்மூன்றுக்கும் நிறைவான விடை இருந்தபோது அவர் குடும்பச் செல்வத்தையே எடுத்து வைத்தார். சேலம் என்ற ஜவுளி நகரம் தென்னிந்தியாவுக்கே படம் கொடுக்கும் நகரமாயிற்று. இந்த விடைகள் இல்லாத இடத்தில் ஒரு காசும் செலவிடாத கண்டிப்பும் அந்தப் பெருமையின் பாதிதான்.